மங்களா ஃப்ளாட்ஸ் மும்முனைப் போர்

வாழ்க சந்திரமௌலி! மங்களா ஃப்ளாட்ஸ் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர், சட்டைப்பையில் பேனா குத்தும் இடத்தில் டெஸ்டர் குத்திய மார்பினர், சால்டரிங் கம்பி சுட்ட வடுவை விழுப்புண்ணாக ஆள்காட்டி விரலில் தாங்கியவர், பகலெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் அமர்ந்து பிறர் ஆயுளைக் கணித்து, மாலையெல்லாம் மின்தடையங்களின் மேலுள்ள வண்ணக் கோடுகளைக் கணித்தவர், கச்சேரி சாலைக்குத் தெற்கே ஓம் விதி அறிந்தார் எவரேனும் உளரோ என்று ஒருவர் கேட்குமுன்னமே கை தூக்கிவிடும் பேராண்மையினர், அவர் வாழ்க! அவர் ஏந்திய அப்பளக் குழவியும் வாழ்க! அந்தக் குழவி எப்படிப் போர்க்களம் புகுந்தது என்பதை உரிய இடத்தில் சொல்வோம்.

காப்பாக மூவரை வணங்கிக்கொள்கிறோம். பின்னாலிருந்து உந்தித் தள்ளும் வோல்டேஜே, தள்ளிய வேகத்தில் கம்பி வழியே ஓடிவரும் கரண்டே, ஓடிவருபவனை வாசலிலேயே நிறுத்தி யார் நீ, எங்கே போகிறாய், அவ்வளவு அவசரம் என்ன என்று விசாரிக்கும் ரெசிஸ்டன்ஸே, உங்கள் மூவர் பாதமும் பணிந்தோம். உங்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் மயிலாப்பூரில் மின்விசிறி சுற்றாது. இந்த வரலாறு முடியும் வரையிலாவது மூவரும் சண்டையின்றி இருங்கள்.

நாட்டு வளம் பாடாமல் நாயகர் புகழ் பாடுவது முறையன்று. அது தொண்ணூற்று நான்காம் ஆண்டின் அக்கினி நட்சத்திரம். மாட வீதிக் காக்கைகள் குளத்துப் படியின் ஓரத்து நிழலுக்கு ஒன்றையொன்று கொத்திக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்த வேளை. கடற்காற்று சாந்தோம் வரை வந்து, இதற்கு மேல் போவதில் பொருளில்லை என்று திரும்பிவிட்ட நாள். மங்களா ஃப்ளாட்ஸின் ஆறு வீடுகளிலும் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் உண்டு களைத்த மாந்தர் விசிறிக்கு நேர் கீழே பாய்விரித்துக் கிடந்தார்கள். வெயிலைத் திட்டாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருள் சூழ்ந்த சிற்றறை ஒன்று உண்டு. துடைப்பமும், காற்றில்லாச் சைக்கிளும், போன ஆண்டுக் கொலுப்படிப் பலகைகளும் அதன் அகழிகள். அகழிகளைக் கடந்தால் மீட்டர் பலகை. அங்கேதான் தெருவிலிருந்து பூமிக்கடியில் வந்த மூவேந்தர்கள் ஒரே கூரையின் கீழ் ஆண்டார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ்கள். ஒவ்வொரு வேந்தனுக்கும் வாயிற்காவலனாக ஒரு வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை. மூவருக்கும் பொதுவான முனிவனாக, எதிலும் பற்றற்று எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்ளும் நியூட்ரல். ஆறு வீட்டு மீட்டருக்கும் பக்கத்தில் ஆறு திருகு சுவிட்சுகள் இருந்தன. எந்த வீடு எந்த வேந்தனுக்குக் குடியாக இருப்பது என்பதை அவற்றைத் திருகித் தீர்மானிக்கலாம். ஒரு பேஸ் போனால் மறு பேஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற அந்த ஏற்பாடு சென்னை வாசிகளுக்கு வாய்த்த பெரும் பேறு.

அந்தப் பேற்றுக்கு ஒழுங்கு கற்பித்தவர் நம் தலைவர். முன்பெல்லாம் கரண்ட் போனால் ஆளாளுக்கு ஓடிவந்து, அகப்பட்டதைத் திருகி, அடுத்தவர் சுவிட்சையும் சேர்த்துத் திருகி, அது பெருங்கலகமாக இருந்தது. சந்திரமௌலி சங்கக் கூட்டம் கூட்டினார். "சிவப்பு போனா மஞ்சள். மஞ்சள் போனா நீலம். இதை மீறி யாரும் எதையும் தொடப்படாது" என்று ஆணையிட்டார். ஆறு குடும்பமும் அதை மனப்பாடம் செய்தன. கரண்ட் போச்சு என்று சொல்வதையும் அவர் தடை செய்திருந்தார். போனது வோல்டேஜ், அதனால்தான் கரண்ட் ஓடவில்லை என்று முறைப்படி சொல்ல வேண்டும். பல்பு எரியவில்லை என்று யாராவது முறையிட்டால், எரிவது வேறு, ஒளிர்வது வேறு, முதலில் இழை அறுந்ததா பாருங்கள் என்பார். இருட்டில் நின்றபடி ஜனங்கள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டார்கள்.

இந்த ஞானம் சும்மா வந்ததன்று. அஞ்சல் வழியில் ரேடியோ பயின்று, ரிச்சி தெருவின் சந்துபொந்துகளில் மின்தேக்கியும் டையோடும் டிரான்சிஸ்டரும் பொறுக்கி, ஆறு மாதத் தவத்தில் அவர் உருவாக்கிய வானொலிப் பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. அது எந்த நிலையத்தையும் பிடித்ததில்லை. ஆயினும் இடைவிடாமல் "ம்ம்ம்" என்று ஓங்காரம் எழுப்பும். அது மெயின்ஸ் ஹம், ஐம்பது ஹெர்ட்ஸ், கருவி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று அவர் விளக்குவார்.

இனி இந்தப் போரின் காரணம். தலைவரின் இல்லத்தரசி சூடாமணி வீணை வாசிப்பவர். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வீட்டில் வீணை ஒலித்தது. இருபத்தாறு ஆண்டுகளாக நம் தலைவர் அடுத்த அறையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். வானொலி நிலையத்தின் ஆடிஷனில் இரண்டு முறை தோற்ற சூடாமணி, மூன்றாம் முறை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்த் தேறி வந்துவிட்டார். பதிவும் முடிந்தது. அன்றைய ஞாயிறு மூன்றரை மணிக்கு அரை மணி நேர ஒலிபரப்பு. வானொலி ஒரு தடவை ஒலிக்கும், அதோடு சரி. இன்னொரு தரம் போடுங்கள் என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

"ஏன்னா, இந்தத் தடவையாவது பக்கத்துல உக்காந்து கேப்பேளா?" என்று சூடாமணி காலையில் கேட்டார். கேட்கும்போது கணவர் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் எழுந்து நின்று சூளுரைத்தார். "கேக்கறது மட்டுமில்லே சூடா. டேப்பும் பண்றேன். சாஸ்வதமா இருக்கும். நம்ம ஆத்துல எப்ப வேணும்னாலும் போட்டுக் கேக்கலாம்." அவர் மனமாரச் சொன்னார். அதில் பொய் ஒரு துளியும் இல்லை.

சூளுரைத்ததோடு நில்லாமல் படைக்கலமும் பூட்டினார். கூடத்து மேஜையில் டூ-இன்-ஒன் அமர்ந்திருந்தது. ஒரு பாதி ரேடியோ, மறு பாதி டேப் ரெக்கார்டர், அர்த்தநாரியான அற்புதம். அதன் வயிற்றில் பாட்டரிக்கு வழியிருந்தது உண்மைதான். ஆனால் சென்ற ஆண்டு இரைச்சல் குறைக்கவென்று அதைப் பிரித்து, பெரிய மின்தேக்கி ஒன்றை உள்ளே குடியேற்றியபோது, இடம் போதவில்லை என்று பாட்டரிக் கம்பிகளை வெட்டி எறிந்தவர் தலைவரே. ஆகவே அது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டுமே உண்ணும் விரதம் பூண்டிருந்தது. புதுக் கேசட்டை உறை கிழித்துச் செருகினார். அனுபவமற்றவர்கள் நிகழ்ச்சி தொடங்கிய பிறகு பட்டனைத் தேடித் தடவி முதல் மீட்டலைக் கோட்டை விடுவார்கள். நம் தலைவர் ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தி, முன்னதாகவே பாஸ் பட்டனையும் அமுக்கி, குதிரையைக் கடிவாளம் பிடித்து நிறுத்துவதுபோல் நிறுத்தி வைத்தார். அறிவிப்பாளர் பேர் சொல்லி முடித்ததும் பாஸை எடுத்துவிட்டால் போதும். சிவப்பு விளக்கு பொட்டுப்போல் ஒளிர்ந்தது. "யாரும் இதுல கை வைக்கப்படாது" என்று சூடாமணியிடமும், காலியான கூடத்திடமும் பொதுவாக அறிவித்தார்.

மூன்றே கால் ஆயிற்று. சூடாமணி புடவை மாற்றிக்கொண்டு, வானொலியில் தம்மை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் பூ வைத்துக்கொண்டு, மேஜைக்கு எதிரே வந்து அமர்ந்தார். ரேடியோவில் யாரோ உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணத்தில், தெருக்கோடிப் பெட்டியில் என்ன சூழ்ச்சி நடந்ததோ, சிவப்பு வேந்தன் ஓசையின்றி வீழ்ந்தான். உரம் பாதியில் நின்றது. விசிறி தயங்கி, தளர்ந்து, மூச்சை விட்டது. சிவப்புப் பொட்டு அணைந்தது.

தலைவர் கலங்கவில்லை. டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகப் பாய்ந்தார். அவர் வகுத்த சட்டம் அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. சிவப்புக்குக் குடிகளாயிருந்த எல்லா வீட்டாரும் தூக்கக் கலக்கத்திலும் ஆணை பிறழாமல் வந்து, மஞ்சளுக்குத் திருகிவிட்டு நின்றார்கள். தரைத்தள வீட்டு ஹென்றி கடைசியாகத் திருகினார். ஹென்றி சாந்தோம் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். உருவில் பீமன், பேச்சில் குழந்தை. அவர் வீட்டு ஜன்னலில் இருந்தது ஒன்றரை டன் ஏர்கண்டிஷனர். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ரெனிட்டாவுக்காகவும் பிறந்து பதினைந்தே நாளான பேரனுக்காகவும் ஒரு வாரம் முன்புதான் அது வந்து இறங்கியிருந்தது. மஞ்சளிலோ ஏற்கெனவே மேல்வீட்டு ராகவேந்திரன் வாரத்துக்கு வேண்டிய சட்டைகளையெல்லாம் குவித்து வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஏ.சி., ஒரு இஸ்திரிப்பெட்டி, நாலு ஃப்ரிட்ஜ், எண்ணற்ற விசிறிகள். இத்தனை வாட்டும் ஒருசேர வந்து கேட்டால் எந்த வேந்தன் தாங்குவான்? ஆம்பியர் வெள்ளம் புரண்டது. மெல்லிழை ஃப்யூஸ் கம்பி செக்கச்சிவந்து, தன் கடமை இன்னதென்று உணர்ந்து, பிறரைக் காக்கத் தான் உருகி வீரசுவர்க்கம் புகுந்தது. படார் என்று வெடித்த வெடியில் பீங்கான் கட்டையே இரண்டாகப் பிளந்தது. சைக்கிளின் மேல் தூங்கிய பூனை எழுந்து தெருவுக்கே போய்விட்டது.

"இன்னா சார் ஆச்சு?" என்றார் ஹென்றி.

"ஓவர்லோட்" என்றார் தலைவர், நோயின் பேரைச் சொன்ன வைத்தியரின் நிதானத்தோடு. "கம்பி போயிருந்தா நிமிஷத்துல கட்டிடுவேன். கட்டையே போச்சு. ஞாயித்துக்கிழமை கடை கிடையாது."

மஞ்சள் போனால் நீலம். கூடியிருந்த குடிகள் அவர் வாயிலிருந்து வேறு சொல் வருமுன்னே, கற்ற பாடம் மறவாதவர்களாய், ஆறு சுவிட்சையும் நீலத்துக்குத் திருகிவிட்டார்கள். ஆணைக்குக் கீழ்ப்படியும் குடிகளால் ஓர் அரசுக்கு இத்தனை கேடு விளையும் என்று சந்திரமௌலி அதுவரை அறிந்திருக்கவில்லை. நீல வேந்தன் தள்ளாடினான். மின்னழுத்தம் தாழ்ந்தது. மேலே யார் வீட்டிலோ ஸ்டெபிலைசர் டக் டக்கென்று பல்லைக் கடித்தது. நீலத்தின் ஃப்யூஸ் கட்டையோ இருபக்கக் கவ்விகளும் தளர்ந்துபோன கிழக் காவலன். சுமை ஏறியதும் அது இருந்த இடத்தில் நடுங்கி, பொரிபொரியாகத் தீப்பொறி கக்கிற்று. விளக்குகள் கண்ணடித்தன. மணி மூன்றரைக்கு இன்னும் சில நிமிடமே இருந்தது.

அப்போதுதான் தலைவர் தம் வாழ்நாளின் மிகப் பெரிய பிரகடனத்தைச் செய்தார். மாடிப்படி வளைவில் நின்று, தலையை அண்ணாந்து, ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி முழங்கினார். "எல்லாரும் கேளுங்கோ! மூணு பேஸ்ல ஒண்ணுதான் பாக்கி. அரை மணி நேரம், அரையே மணி நேரம், ஃப்ரிட்ஜ், இஸ்திரி, ஏ.சி. எல்லாத்தையும் அணைச்சுடுங்கோ. மூணரைக்கு சூடாமணி ரேடியோவுல வாசிக்கறா!"

சூடாமணி மாமி வாசிக்கப்போவது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. மாமியும் சொல்லவில்லை, செயலாளரும் சொல்லவில்லை. ஓம் விதியை ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொன்னவர் இதை ஒரு வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை. ராகவேந்திரன் முதலில் சரணடைந்தார். "அட, இதை மொதல்லயே சொல்லப்படாதா ஸார்" என்று, ஒரு கை மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

ஏ.சி. மட்டும் எஞ்சியது, வெல்லப்படாத கோட்டையாக. "சார், புள்ள இப்பத்தான் தூங்குது. வேர்க்குரு வேற கீது. ஏ.சி.ய நிறுத்துனா முழிச்சிக்கும்" என்றார் ஹென்றி. கெஞ்சும் குரலில்தான் சொன்னார். எனினும் அது மறுப்பே. இரு பெருவீரர்கள் துடைப்பத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவே எதிரெதிர் நின்றார்கள். ஒரு பக்கம் பதினைந்து நாள் குழந்தையின் தூக்கம். மறு பக்கம் இருபத்தாறு ஆண்டு வீணை. எதை எடையிட்டு எதைத் தள்ளுவது என்று தலைவருக்கு விளங்கவில்லை. அவர் படித்த புத்தகங்களில் அதற்கு அலகு கிடையாது.

கோட்டைக் கதவைத் திறந்தவர் ஹென்றியின் மனைவி அல்போன்சா. வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்த அவர், "இதுக்கு ஏன் ரெண்டு பேரும் முறைச்சிக்கினு நிக்கிறீங்க? மாமி வீட்டு ஹால்ல ஃபேன் ஓடும்ல? புள்ளய அங்க தூக்கிக்கினு போறோம். ரெனிட்டா, எழுந்திரும்மா, மாமி ரேடியோல வருதாம்!" என்று சொல்லி, ஏ.சி.யைத் தாமே அணைத்தார். அணைந்த ஏ.சி. ஒருமுறை குலுங்கி, பெருமூச்சு விட்டு, ஜன்னல் வழியே நாலு சொட்டுக் கண்ணீர் வடித்தது. தொடர்ந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னே அல்போன்சா, நடுவே குழந்தையோடு ரெனிட்டா, பின்னே ராகவேந்திரன் குடும்பம், அதன் பின்னே மற்ற வீட்டார் பாயும் விசிறியும் ஏந்தி, சூடாமணியின் கூடம் நோக்கி ஏறினார்கள்.

சுமை இறங்கியும் நீலக் கட்டையின் நடுக்கம் நிற்கவில்லை. தொட்டால் பிடித்தது, விட்டால் விட்டது. யாராவது அதை அழுத்திப் பிடித்து நின்றால்தான் மேலே ரேடியோ பாடும். தலைவர் ரப்பர் செருப்பை மாட்டி, கொலுப்பலகை மேல் ஏறி நின்று, "காஞ்ச கட்டை ஒண்ணு கொண்டாங்கோ! இன்சுலேட்டரா இருக்கணும்!" என்று கூவினார். அல்போன்சாவின் சமையலறையிலிருந்து அப்பளக் குழவி வந்தது. மரம் ஓர் அரிதிற்கடத்தி என்று ஒரு தரம் உரக்கச் சொல்லிவிட்டு, அதன் நுனியால் பீங்கானை அழுத்தினார். பொறி நின்றது. மேலே விசிறிகள் உறுமி எழுந்தன. ரேடியோவின் குரல் படிக்கட்டில் மங்கலாக மிதந்து வந்தது.

"குட்த்துடுங்க சார், நான் புடிக்கிறேன். நீங்க மேல போங்க. உங்க வூட்டம்மா வாசிக்கிறாங்க" என்று ஹென்றி கை நீட்டினார்.

இங்கேதான் விதி சிரித்தது. தலைவர் மட்டும் அந்தக் குழவியை அந்தக் கையில் கொடுத்திருந்தால் இந்த வரலாறு எழுதப்பட்டிருக்காது. அவரோ நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "ஹென்றி, இது லூஸ் கான்டாக்ட். கான்டாக்ட் சரியில்லேன்னா அங்கே ரெசிஸ்டன்ஸ் ஏறும். ரெசிஸ்டன்ஸ் ஏறினா சூடாகும். சூடானா கவ்வி இன்னும் இளகும். இதைப் புரிஞ்சவன்தான் இங்க நிக்கணும்" என்றார்.

"புரியலேன்னாலும் அமுக்கிப் புடிக்கத் தெரியும் சார்."

"நீங்க போங்கோ."

ஹென்றி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, மரியாதையாக மேலே போய்விட்டார். மேல்மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சூடாமணியின் குரல் இறங்கி வந்தது. "ஏன்னா! பேர் சொல்லிட்டா! என் பேரைச் சொல்லிட்டா! மேல வாங்கோளேன்!" அந்தக் குரலில் அப்படியொரு சிறுபெண் இருந்ததை அவர் கேட்டதே இல்லை.

"நான் வந்தா நின்னுபோயிடும்! நீ கேளு! டேப்புல மட்டும் யாரும் கை வைக்கப்படாது, எல்லாம் ரெடியா இருக்கு!" என்று தலைவர் எதிர்முழக்கம் செய்தார். ஆணை மேலே சேர்ந்தது. ஆணைக்குக் கீழ்ப்படியும் குடிகள் அவர்கள். அரை மணி நேரமும் அந்த மேஜையை ஒரு விரலும் தீண்டவில்லை.

அதன்பின் நிகழ்ந்த தனிப்போரை எப்படிச் சொல்வோம்! ஒற்றைக் காலில் தவமிருந்தோர் உண்டு, கொலுப்பலகையில் நின்று அப்பளக் குழவியால் மின்னலைக் கட்டியவர் இவர் ஒருவரே. தோள் கடுத்தது, கை மாற்றினால் வீணை அறுந்துவிடும் என்று மாற்றவில்லை. பிடரியில் ஒரு கொசு வந்து அமர்ந்தது. அடிக்க ஓங்கினால் குழவி நழுவும் என்று, பாரிவள்ளல் போல் வேண்டிய மட்டும் குடித்துக்கொள் என்று விட்டுவிட்டார். வியர்வை புருவம் தாண்டிக் கண்ணில் இறங்கி எரித்தது. மீட்டர் தகடுகள் முகத்துக்கு நேரே மெல்லச் சுழன்றன. அந்தச் சுழற்சியைப் பார்த்தே மேலே ஒலிபரப்பு ஓடுகிறது என்று அறிந்துகொண்டார்.

வீணை காதில் விழுந்ததா? ஒரே ஒருமுறை விழுந்தது. யாரோ கதவு திறந்தபோது ஒரு கமகம், தேனில் விரல் தோய்த்து இழுத்ததுபோல், படிக்கட்டில் வழுக்கி இறங்கி வந்தது. அது என்ன ராகம் என்று அவர் காதைக் கூர்மையாக்கிய கணத்தில் "பழைய பேப்பேஏஏர், இரும்பேஏஏ" என்று தள்ளுவண்டி ஒன்று வாசலைக் கடந்தது. வண்டி போனபின் கதவு மூடியிருந்தது. சந்திரமௌலிக்கு அழுகை வந்தது. இருபத்தாறு வருஷம் அடுத்த அறையில் இருந்தவன் இன்றைக்கு இரண்டு மாடி தள்ளி நிற்கிறேனே என்று நினைத்தார். பிறகு தம்மைத் தேற்றிக்கொண்டார். கேசட் இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சூடாமணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சால்டரிங் பெட்டியை மூடிவைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை இரண்டு பேருமாகக் கேட்பது என்று முடிவு செய்தார். அந்த முடிவு அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மேலே கைதட்டல் எழுந்தது. கட்டடமே அதிர்ந்தது. அதே கணத்தில், இத்தனை நேரம் எங்கோ ஒளிந்திருந்த சிவப்பு வேந்தன், வெட்கம் என்பது சிறிதுமின்றி, தெருவிளக்குகள் பட்டப்பகலில் பளிச்சிட மீண்டு எழுந்தான். தலைவர் குழவியை இறக்கினார். கை மடங்க மறுத்தது. தம் வீட்டுச் சுவிட்சைச் சிவப்புக்குத் திருகிவிட்டு, வெற்றிவேல் தாங்கியவர்போல் குழவியைத் தாங்கிப் படியேறினார்.

கூடத்தில் அவர் கண்ட காட்சி எந்த மன்னனுக்கும் வாய்க்காதது. அல்போன்சா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், மாமி எங்க எல்லாரையும் அழ வச்சிட்டாங்க" என்றார். குழந்தை ஹென்றியின் தோளில் விழிக்காமல் உறங்கிற்று. ராகவேந்திரன், இப்படி ஒரு கல்யாணியை இந்தத் தெருவில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் தெரியாமலிருந்தோமே என்று மாய்ந்துபோனார். சூடாமணி கூட்டத்தைப் பார்க்கவில்லை. வியர்வையில் நனைந்து, பிடரி வீங்கி, மாவு படிந்த குழவியோடு வாசலில் நின்ற மனிதரைத்தான் பார்த்தார். "நீங்கதான் கேக்கலை" என்றார் மெல்ல.

"அதுக்கென்ன சூடா" என்றார் தலைவர். "அதுக்குத்தானே இது."

மூவேந்தரும் கைவிட்ட வேளையிலும் மனந்தளராது, ஓவர்லோடு என்னும் ஆழியைக் கடந்து, லூஸ் கான்டாக்ட் என்னும் அரக்கனை அப்பளக் குழவியால் அடக்கி, கொசுவுக்குக் குருதியும் குடிகளுக்குக் கானமும் ஈந்து, சொன்ன சொல் காத்த செம்மலாம் சந்திரமௌலி, ஆறு வீட்டாரும் சூழ்ந்து நின்று பார்க்க, பெருமிதம் பொங்க மேஜையை அணுகி, இன்னமும் சிவப்புப் பொட்டுடன் ஒளிர்ந்துகொண்டிருந்த டூ-இன்-ஒன்னின் முன் குனிந்து, முதலிலிருந்து போட்டுக் காட்டுவோமென்று வடுப்பட்ட ஆள்காட்டி விரலை நீட்டி, கேசட்டின் கண்ணாடி வழியே உள்ளே நோக்க, நாடா முழுவதும் காலையில் சுற்றியிருந்தபடியே இடப்பக்கச் சக்கரத்தில் அசையாதிருக்கக் கண்டு, நீட்டிய விரல் நீட்டியபடி நிற்க, பட்டன்களின் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பாஸை எடுத்துவிட மறந்துவிட்டார்.